பொன்னிழை நாட்டில் பாலித்தீன்: டாக்கா தடையின் வரலாறு

டாக்கா நகரில் மெல்லிய பாலித்தீன் பைகளுக்கு 2002 ஜனவரி 1 அன்று தடை வந்தது. இரண்டு மாதம் கழித்து, மார்ச் 1 முதல், அது வங்கதேசம் முழுமைக்கும் விரிந்தது. ஒரு நாடு தன் எல்லைக்குள் பாலித்தீன் கடைப்பைகளை விலக்கியது உலகில் அதுவே முதல் முறை. பணக்கார நாடுகள் எதுவும் அதுவரை அந்தத் துணிச்சலுக்கு வந்திருக்கவில்லை. தடையின் வேர் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று நகரத்துச் சாக்கடை. மற்றொன்று நகரைச் சுற்றியிருந்த சணல் வயல்.

பாலித்தீன் வருவதற்கு முன் டாக்காவில் சந்தைக்குப் போகிறவர் கையில் சணல் துணிப் பை தொங்கும். அந்த முரட்டுத் துணியை வங்கமொழியில் 'சோட்' என்பார்கள். பருப்பும் சர்க்கரையும் பழைய செய்தித்தாளை ஒட்டிச் செய்த 'டோங்கா' என்ற காகிதக் கூட்டில் வரும். மீனுக்கு மூங்கில் கூடை; கூடை இல்லாதவர் செவுளில் கயிறு கோத்துத் தூக்கிப் போவார். மொத்த வியாபாரியிடமிருந்து வரும் அரிசி, வெங்காயம், உருளைக்கிழங்கு எல்லாம் கோணியில்தான். காகிதத்தைத் தவிர்த்தால் மற்றவை அனைத்தும் அக்கம்பக்கத்து மண்ணில் விளைந்தவை.

சணல் என்றதும் தமிழ்நாட்டு விவசாயிக்குச் சணப்பை நினைவுக்கு வரலாம். பசுந்தாள் உரத்துக்காக விதைத்து மடக்கி உழும் அந்த மஞ்சள் பூச் செடி அவரைக் குடும்பத்தது. வங்கத்தில் 'பாட்' என்று வழங்கும் சணல் முற்றிலும் வேறு பயிர். ஆள் உயரத்தையும் தாண்டிப் பத்தடி, பன்னிரண்டு அடி என்று குச்சி குச்சியாக நிமிர்ந்து வளரும். கோடையில் விதைத்து, நான்கு மாதத்தில், மழை உச்சத்தில் இருக்கும்போது அறுப்பார்கள். அறுத்த தண்டுகளைக் கட்டுகளாகக் கட்டி, வயலைச் சூழ்ந்த வெள்ளத்திலேயே இரண்டு மூன்று வாரம் அமிழ்த்தி ஊறப்போட வேண்டும். ஊறியதும் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு நாரை உருவி, அலசி, மூங்கில் கொடியில் காயப்போடுவார்கள். காய்ந்த நார் வெயிலில் மின்னும் நிறத்தைப் பார்த்துத்தான் அதற்குப் பொன்னிழை என்ற பெயர் வந்தது. ஆண்டுதோறும் தண்ணீர் வந்து நின்றால்தான் இந்தப் பயிருக்கே பிழைப்பு. நகரவாசிகள் சபிக்கும் வெள்ளத்தைச் சணல்காரர்கள் எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள்.

இந்த நாரை உலகச் சரக்காக்கியது ஸ்காட்லாந்தின் டண்டி நகரம். திமிங்கில எண்ணெய் தடவினால் முரட்டுச் சணல் இளகி இயந்திரத்தில் நூற்க வரும் என்பதை 1830களில் அங்கே கண்டுகொண்டார்கள். 1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியப் போரால் ரஷ்யாவிலிருந்து வந்துகொண்டிருந்த நார்வகைகள் தடைபட்டன. வங்கச் சணலுக்கு அது ஏற்றமாக முடிந்தது. போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1855ல், கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் உள்ள ரிஷ்ராவில் இந்தியாவின் முதல் சணல் ஆலை எழுந்தது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1959ல், இந்தியாவின் முதல் பாலித்தீன் ஆலை அமைந்ததும் இதே ரிஷ்ராவில் என்பது தற்செயல்தான். ஆனாலும் சொல்லாமல் விட மனம் வராத தற்செயல்.

1947ல் வங்கம் பிரிந்தபோது சணல் வயல்களில் பெரும்பகுதி கிழக்கே, பாகிஸ்தானின் பங்குக்குப் போனது. ஆலைகள் அத்தனையும் மேற்கே, கல்கத்தாவைச் சுற்றி நின்றுவிட்டன. நாரைப் பயிரிட்டவர்களிடம் அதை நெய்ய ஒரு தறிகூட இல்லை. டாக்காவை அடுத்த நாராயண்கஞ்சில், ஷீதலக்ஷ்யா ஆற்றங்கரையில், 1950களின் தொடக்கத்தில் ஆதம்ஜி சணல் ஆலை வந்தது இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான். வளர்ந்து உலகிலேயே மிகப் பெரிய சணல் ஆலை என்ற பெயரையும் எடுத்தது. கிழக்கு விளைவித்த சணலின் அந்நியச் செலாவணி மேற்குப் பாகிஸ்தானில் செலவாகிறது என்ற ஆத்திரம் 1966ல் கிழக்குப் பாகிஸ்தான் தலைவர் ஷேக் முஜிபுர் ரஹ்மான் முன்வைத்த ஆறு அம்சக் கோரிக்கையிலும் எதிரொலித்தது. கிழக்குக்குத் தனிச் செலாவணிக் கணக்கு வேண்டும் என்பது அதில் ஒன்று. வங்கதேச விடுதலைக்குப் பிறகு 1972ல் ஆலைகள் அரசுடைமையாயின. புதிய நாட்டின் ஏற்றுமதி வருவாயில் பத்தில் ஒன்பது பங்கு சணலிலிருந்தே வந்தது.

அதற்குள் அடி விழத் தொடங்கியிருந்தது. அமெரிக்காவில் தரைவிரிப்புகளுக்கு அடித்துணியாகப் போன சணலின் இடத்தை 1960களிலிருந்து பாலிபுரோப்பிலீன் பிடித்துக்கொண்டது. அடுத்துச் சர்க்கரை, உரம், சிமெண்டு மூட்டைகளும் பிளாஸ்டிக் நெசவுக்கு மாறின. கடைசியாகக் கைப்பை.

பாலித்தீன் 1933ல் இங்கிலாந்தின் ஒரு வேதி ஆய்வுக்கூடத்தில், வேறொன்றைத் தேடும்போது அகப்பட்ட பொருள். 1950களில் ஜெர்மானிய வேதியியலாளர் கார்ல் சீக்ளர் குறைந்த அழுத்தத்திலேயே அதைச் செய்யும் வழியைக் காட்டினார். அப்படிப் பிறந்த அடர்வகையை இழுத்து விரித்தால், கசக்கும்போது சரசரக்கும் மிக மெல்லிய, ஆனால் உறுதியான தாள் கிடைக்கும். ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்டென் குஸ்டாஃப் துலின், ஒரே குழலை மடித்து, ஒட்டி, வெட்டி, இரண்டு காதுகளோடு கூடிய பையாக்கும் முறையை வகுத்தார். அதற்கு 1965ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. கடைக்காரரின் கொக்கியில் கொத்தாகத் தொங்கும் பை அதுதான். வங்கதேசத்தில் அது 1980களின் தொடக்கத்தில் காலடி வைத்தது.

அந்தப் பையைச் செய்யப் பெரிய ஆலை தேவையில்லை என்பது இந்த வரலாற்றின் முக்கியமான முடிச்சு. பழைய டாக்காவின் லால்பாக், சௌக்பஜார் பகுதிச் சந்துகளில் ஒரு வீட்டுத் தரைத்தளத்திலேயே இயந்திரம் அடங்கிவிடும். மேலே உள்ள வாயில் பிளாஸ்டிக் குருணையைக் கொட்டுவார்கள். அது உருகி, வட்டத் துளை வழியே குழலாக வெளிவரும்போது உள்ளே காற்றை ஊதுவார்கள். கூரை வரை ஒரு பளபளத்த குமிழ் எழும்பும்; மேலே உருளைகள் அதை நசுக்கித் தட்டையாக்கிச் சுருட்டும். பக்கத்தில் இன்னொரு சிறு இயந்திரம் அதைத் துண்டு போட்டு, அடியைச் சூட்டில் ஒட்டி, கைப்பிடியை வெட்டியெடுக்கும். மின்சாரமும் இரண்டு மூன்று ஆட்களும் போதும். சணல் ஆலைக்கோ ஏக்கர்க் கணக்கில் இடமும், ஆயிரக்கணக்கில் தொழிலாளரும், ஆற்றில் படகுத்துறையும் வேண்டும். எடையில் சில கிராம்கூட வராத பையைக் கடைக்காரர் இலவசமாகக் கொடுத்தார். வீட்டிலிருந்து பை எடுத்துப் போகும் வழக்கம் பத்து ஆண்டுகளில் மறைந்தது.

குப்பை பொறுக்குகிறவர்களும் இந்தப் பையைச் சீந்தவில்லை. தடித்த பிளாஸ்டிக், தகரம், கண்ணாடி ஆகியவற்றுக்குப் 'பாங்காரி' என்ற பழைய சாமான் கடையில் விலை உண்டு. மெல்லிய பையோ நூற்றுக்கணக்கில் சேர்த்தால்தான் ஒரு கிலோ தேறும். அதுவும் மீன் நாற்றமும் சேறுமாக இருக்கும். டாக்காவில் மட்டும் நாளொன்றுக்கு 93 லட்சம் பைகள் வீசப்படுகின்றன என்பது தடைக்கு முந்தைய ஆண்டுகளில் பரவலாகச் சொல்லப்பட்ட கணக்கு. யாரும் திரும்ப எடுக்காத பொருள் போய்ச் சேர்ந்த இடம் சாக்கடை.

டாக்கா கிட்டத்தட்டக் கடல் மட்டத்திலேயே கிடக்கும் நகரம். தெற்கே புரிகங்கா, மேற்கே துராக், கிழக்கே பாலு, ஷீதலக்ஷ்யா என நான்கு ஆறுகள் அதைச் சூழ்ந்திருக்கின்றன. மழைநீரை ஆற்றுக்குக் கொண்டுபோக 'கால்' எனப்படும் இயற்கை ஓடைகளும் வெட்டிய கால்வாய்களும் நிறைய இருந்தன. முகலாய ஆளுநர் இஸ்லாம் கான் காலத்தது என்று சொல்லப்படும் தோலாய் கால் அவற்றுள் பெயர் பெற்றது. படகுப் போட்டிகள்கூட நடந்த நீர்வழி. இருபதாம் நூற்றாண்டில் அதன் பெரும்பகுதி மண் நிரப்பித் தெருவானது, மிச்சம் கான்கிரீட் பெட்டிக்குள் போனது. வேறு பல கால்வாய்கள் ஆக்கிரமிப்பில் சுருங்கின.

1988 வெள்ளத்தில் நாட்டில் பாதிக்கும் மேல் நீரில் கிடந்தது, டாக்காவும் தப்பவில்லை. அதன்பின் நகரின் மேற்குப் புறத்தைச் சுற்றி, துராக்கையும் புரிகங்காவையும் ஒட்டி, ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்குக் கரை எழுப்பினார்கள். ஆற்று நீர் உள்ளே வராமல் கரை தடுத்தது. ஆனால் ஆறு உயர்ந்திருக்கும் நாட்களில் மதகுகளை மூடியாக வேண்டும். அப்போது உள்ளே பெய்யும் மழைக்குப் போக்கிடம் பம்பு மட்டும்தான். கல்யாண்பூர் போன்ற நீரேற்று நிலையங்களுக்குத் தண்ணீர் போய்ச் சேர வேண்டுமானால் தெருச் சாக்கடை முதல் பெருங்கால்வாய் வரை எங்கும் அடைப்பு இருக்கக் கூடாது. கரை கட்டியதால் சாக்கடையின் சுமை பல மடங்கு கூடியது. அதே பத்தாண்டுகளில்தான் சாக்கடைக்குள் பைகள் இறங்கிக்கொண்டிருந்தன.

இலையும் காகிதமும் கூடச் சாக்கடையை அடைக்கும். சில நாளில் அழுகி வழிவிடும். பை அப்படியன்று. கம்பி வாயில் ஒரு பை வந்து ஒட்டினால் நீரின் அழுத்தமே அதைத் தட்டையாக விரித்துப் பிடித்துக்கொள்ளும். அடுத்த பை அதன்மேல் படியும். இடையில் சேறு நிரம்பி, ஒரு வாரத்தில் பலகை வைத்து அடைத்ததுபோல ஆகிவிடும். துப்புரவுப் பணியாளர் கையை விட்டுக் கிழித்தெடுத்தால்தான் உண்டு.

1998 வெள்ளம் இரண்டு மாதத்துக்கும் மேல் நீடித்தது. நாட்டின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் மூழ்கியது. கரை இல்லாத கிழக்கு டாக்காவுக்குள் ஆறு நேரே புகுந்தது. கரைக்குள் இருந்த மேற்கு டாக்காவிலோ சொந்த மழைநீரும் கழிவுநீரும் தேங்கின. அடைப்புகளைத் தோண்டியபோது கிடைத்ததெல்லாம் பாலித்தீன் கொத்து. செய்தித்தாள்களில் அந்தப் படங்கள் வந்தபின் பையின்மேல் பழி நிலைத்துவிட்டது. இதில் கொஞ்சம் மிகை உண்டு என்றே சொல்ல வேண்டும். தூர்க்கப்பட்ட கால்வாய்களும் விற்கப்பட்ட சதுப்பு நிலங்களும் பையைவிடப் பெரிய குற்றவாளிகள். ஆனால் கால்வாயை விழுங்கியவர்களுக்குச் செல்வாக்கு இருந்தது; பைக்கு அது குறைவு.

எதிர்ப்பு அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. எஸ்டோ என்று சுருக்கமாக அழைக்கப்படும் சுற்றுச்சூழல், சமூக வளர்ச்சி அமைப்பு 1990 முதலே பாலித்தீனுக்கு எதிராகப் பேசிவந்தது. 1993ல் அரசு தடைக்கான முயற்சி எடுத்தது. உற்பத்தியாளர்களின் நெருக்குதலில் அது அப்படியே நின்றுபோனது. 2001 அக்டோபரில் காலிதா ஜியா தலைமையில் புதிய கூட்டணி அரசு பதவியேற்றது. ஷாஜஹான் சிராஜ் சுற்றுச்சூழல் அமைச்சரானார். மூன்றே மாதத்தில் டாக்கா தடை வந்துவிட்டது. 1995ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் 6ஏ என்ற புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. தடை செய்த பையைத் தயாரித்தால் பத்து ஆண்டுவரை சிறை, அல்லது 10 லட்சம் டாகா (வங்கதேச நாணயம்) வரை அபராதம், அல்லது இரண்டும். விற்றாலோ விற்பனைக்கு வைத்திருந்தாலோ ஆறு மாதம் சிறை, 10,000 டாகா வரை அபராதம். காகிதத்தில் உலகின் கடுமையான சட்டங்களுள் ஒன்று.

முதல் மாதங்களில் அது காகிதத்தோடு நிற்கவும் இல்லை. நடமாடும் நீதிமன்றங்கள் சந்தைகளில் இறங்கி, அங்கேயே அபராதம் விதித்தன. கடைகளின் கொக்கிகள் காலியாயின. டோங்கா ஒட்டும் பெண்களுக்குத் திடீரென்று வேலை குவிந்தது. பழைய சோட் பைகள் பரணிலிருந்து இறங்கின. அந்த ஆண்டு மழையில் தெருக்களில் தண்ணீர் முன்போல் நிற்கவில்லை என்று நகரவாசிகள் பலர் சொன்னார்கள்.

சணலுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று நினைக்க இது இடம் கொடுத்தது. நடந்தது நேர் எதிர். தடை நாடு முழுதும் பரவி நான்கு மாதம் ஆகும்போது, 2002 ஜூன் 30 அன்று, அதே அரசு ஆதம்ஜி ஆலையை மூடியது. அடுக்கடுக்கான நட்டம், பழைய தறிகள், தொழிற்சங்க மோதல்கள், அரசியல் நியமனங்கள் எனக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. அரசு சணல் ஆலைகளைக் குறைக்கும் திட்டம் 1994ல் உலக வங்கிக் கடனோடு வந்து ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. பல்லாயிரம் குடும்பங்கள் ஆலைக் குடியிருப்பைக் காலி செய்து வெளியேறின. சுற்றுச்சூழல் அமைச்சகம் பையை விரட்டிய ஆண்டிலேயே, பைக்கு மாற்றுத் தரக்கூடிய ஆலையின் கதவு சாத்தப்பட்டது. இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. டாக்கா தடையின் பிற்கால வரலாற்றை விளக்க இந்த ஒரு ஆண்டே போதும்: விலக்க வேண்டியது எது என்று சட்டம் தெளிவாகச் சொன்னது, அந்த இடத்தில் என்ன வரும், என்ன விலைக்கு வரும் என்பதற்கு யாரும் பொறுப்பேற்கவில்லை.

அந்த இடத்தை நிரப்பியது சணல் அன்று. முதலில் வந்தது பின்னல் வலைப் பை, நைலான் போன்ற இழையில் செய்தது. வெங்காயத்துக்கும் கத்திரிக்காய்க்கும் சரி. மீன் வாங்கினால் தண்ணீர் சொட்டிக்கொண்டே வரும். அதனால் மீனை முதலில் ஒரு சிறு பாலித்தீனில் போட்டு, அதை வலைப்பைக்குள் வைத்துக் கொடுத்தார்கள். அடுத்து 'டிஷ்யூ பேக்' வந்தது. தொட்டால் துணிபோல இருக்கும் அதுவும் பாலிபுரோப்பிலீன்தான். நெய்யாமல் அழுத்தி ஒட்டியது.  பெயர் வேறானதால் நடைமுறையில் அது தப்பியது.

சட்டத்துக்குள்ளேயே ஒரு வாசலும் இருந்தது. ஏற்றுமதிக்கும் சில வகைப் பொட்டலங்களுக்கும் பாலித்தீன் அனுமதிக்கப்பட்டது. டாக்காவோ ஆயத்த ஆடைகளின் நகரம். ஒவ்வொரு சட்டையும் தனித்தனி உறையில் கப்பலேறியாக வேண்டும். குருணை இறக்குமதி நிற்காது, இயந்திரமும் ஓடும். பகலில் சட்டை உறை ஊதும் இயந்திரம் இரவில் கடைப்பை ஊதினால் வாசலில் நின்று பார்ப்பவர் யார்? ஆதம்ஜி ஆலை நின்ற நிலத்தில் 2006ல் ஏற்றுமதி மண்டலம் திறக்கப்பட்டு ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. கோணி நெய்த இடத்திலிருந்து பாலித்தீன் உறையிட்ட துணிகள் வெளியேறத் தொடங்கின. 2006 இறுதியில் தொடங்கிய அரசியல் கொந்தளிப்பில் சோதனைகளும் தளர்ந்தன. சில ஆண்டுகளில் பைகள் பழையபடி கொக்கியில் தொங்கின.

வெளியே டாக்காவின் பெயர் முன்மாதிரியாகவே பரவியது. அயர்லாந்து 2002 மார்ச்சில் தடைக்குப் பதில் பைக்கு 15 சென்ட் வரி விதித்தது. 2007ல் சான் பிரான்சிஸ்கோ, 2008ல் ருவாண்டா, 2017ல் கென்யா என்று பட்டியல் நீண்டது. தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்து, 2021 இறுதியில் மஞ்சப்பையை மீண்டும் கையில் எடுக்கச் சொல்லி இயக்கம் தொடங்கியது.

வங்கதேச அரசு விட்ட இழையைப் பிடிக்க 2010ல் முயன்றது. அந்த ஆண்டு வந்த கட்டாயச் சணல் பொதிச் சட்டம், குறிப்பிட்ட சில பண்டங்களைச் சணல் மூட்டையில்தான் அடைக்க வேண்டும் என்றது. மூட்டைக்கு அது ஓரளவு உதவியது, கைப்பைக்கு இல்லை. கைப்பைக்கான விடையை விஞ்ஞானி முபாரக் அகமது கான் ஆய்வுக்கூடத்தில் கண்டார். சணலிலிருந்து செல்லுலோசைப் பிரித்து, அதைப் பாலித்தீன் போலத் தோன்றும் மெல்லிய தாளாக்கி அவர் செய்த பைக்குச் 'சோனாலி பை' என்று பெயர், மண்ணில் மக்கிவிடும். டாக்காவின் டெம்ராவில் உள்ள லத்தீப் பவானி சணல் ஆலையில் சோதனை உற்பத்தியும் தொடங்கியது. உலகப் பத்திரிகைகள் கொண்டாடின. சோதனை அளவைத் தாண்டிச் சந்தைக்கு வரும் முதலீடுதான் வரவில்லை. பாலித்தீன் பையோடு விலையிலும் அது போட்டியிட முடியவில்லை. 2020 ஜூலையில் எஞ்சியிருந்த 25 அரசு சணல் ஆலைகளின் உற்பத்தியையும் அரசு நிறுத்தியது. ஏறத்தாழ 25,000 நிரந்தரத் தொழிலாளர் வேலை இழந்தனர். சட்டகிராமில் கர்ணபூலி ஆற்றைத் தூர்வார இறங்கிய உறிஞ்சு எந்திரங்கள், படுகையில் படிந்திருந்த பாலித்தீன் அடுக்கை இழுக்க முடியாமல் திணறியதும் இதே காலத்தில்தான்.

2020 ஜனவரியில், சுற்றுச்சூழல் வழக்கறிஞர் சங்கமான பேலா தொடுத்த வழக்கில், கடலோரப் பகுதிகளிலும் உணவகங்களிலும் ஒருமுறைப் பிளாஸ்டிக்கை ஓராண்டுக்குள் நிறுத்தும்படி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. பேலாவை வழிநடத்திய சையதா ரிஸ்வானா ஹசன், 2024 ஆகஸ்டில் அமைந்த இடைக்கால அரசில் சுற்றுச்சூழல் ஆலோசகரானார். அமைச்சருக்கு இணையான பொறுப்பு அது. அவர் புதிய சட்டம் எதுவும் கொண்டுவரவில்லை. தூங்கிக் கிடந்த 22 ஆண்டுப் பழைய சட்டத்தையே எழுப்பினார். 2024 அக்டோபர் 1 முதல் பேரங்காடிகளிலும், நவம்பர் 1 முதல் காய்கறிச் சந்தைகளிலும் தடை நடைமுறைக்கு வரும் என்று அறிவிப்பு வந்தது. குளிரூட்டிய பேரங்காடிகள் காகிதப் பைக்கும் சணல் பைக்கும் மாறி, அவற்றுக்குத் தனியே காசு வாங்கத் தொடங்கின. காய்கறிச் சந்தையில் அதிகாரிகள் வரும் நாளில் பைகள் தட்டின் அடிக்குப் போயின. அவர்கள் போனதும் மீன்காரர் மறுபடி ஒன்றை உருவி, ஊதிப் பிரித்து, மீனைப் போட்டு முடிச்சிட்டுக் கொடுத்தார்.